பொறை குடிகட்கு, முறை அரசுக்கு

ஹேவாஹெட்ட மலைச்சரிவில் லூல்கந்துர என்னும் தோட்டம் இருக்கிறது. 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டு, இந்நாட்டின் பெருந்தொழில் ஒன்றுக்குக் கால்கோள் செய்தது அங்கேதான். அவர் அமர்ந்து மலைகளை நோக்கிய கல்லிருக்கை இன்றும் பேணப்படுகிறது. கண்டி மகாயாவையில் அவர் துயிலும் கல்லறையையும் தேடிச் செல்வோர் உளர். உழைத்தவனை நாடு நினைப்பது நன்று. அதில் நமக்கு மனக்குறை ஏதுமில்லை.

அதே ஹேவாஹெட்டப் பகுதியில் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 1940 ஜனவரி 10 ஆம் நாள், கூலி உயர்வு கேட்டுப் பணிநிறுத்தம் செய்திருந்த தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி அங்கே உயிரிழந்தார். தோட்டத் தொழிலாளரின் உரிமைப் போரில் சிந்திய முதற்குருதி என்று மலையகம் அவரை எண்ணி வருகிறது. லங்கா சமசமாஜக் கட்சியினர் அப்போராட்டத்துக்குத் துணைநின்றனர். கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். விசாரணை ஆணைக்குழுவும் அமர்ந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த பிணக்கில், பொலிஸ் மாஅதிபர் அமைச்சரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவரா, ஆளுநரின் சொல்லுக்கா என்னும் கேள்வி பெரிதாகி, அமைச்சர் குழுவே பதவி துறந்தது; சின்னாளில் மீண்டும் பதவி ஏற்றது. ஆகவே வரலாற்று நூல்களில் முல்லோயா என்பது ஓர் அரசமைப்புச் சிக்கலின் பெயராக நிற்கிறது. ஆளுநர் கால்டெகொட்டும் அமைச்சர்களும் பக்கங்களை நிரப்புகின்றனர். சுடப்பட்டவருக்கு அங்கே ஒரு வரி; கைம்பெண் ஆனவருக்கு அந்த ஒரு வரியும் அரிது.

ஒரு தோட்டத்தில் அன்று நிகழ்ந்தது பிற்காலத்தில் ஒரு நாட்டின் வழக்கமாயிற்று. ஏழைகள் மாள்வர், ஆணைக்குழு அமரும், பேச்சு அதிகாரத்தைப் பற்றியதாகத் திரும்பும், மாண்டோர் பெயரற்றோர் ஆவர். சில ஆண்டுகள் சென்றபின், பழையவற்றை மறந்து மன்னித்து முன்னே செல்வோம் என்று மேடைகளில் முழங்குவர். யார் பெயரும் சொல்லப்படாத ஒரு கொலையை யார், யாருக்கு, எதற்காக மன்னிப்பது?

கறுப்பு ஜூலையைப் பற்றிய நினைவுகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தொடங்கிப் பொரளைக்கு வந்து வெலிக்கடைச் சிறையில் நின்றுவிடுகின்றன. 1983 ஜூலை 23 இல் 13 படையினர் கொல்லப்பட்டதும், மறுநாள் இரவு கொழும்பில் தமிழர்மீது மூண்ட தீயும், 25 இலும் 27 இலும் சிறைக்குள் 53 தமிழர் படுகொலையுண்டதும் உலகறிந்தவை. மலையகம் எரிந்ததை அறிந்தோர் அவ்வளவு பேர் இல்லை. 26 ஆம் நாள் பிற்பகல் கண்டி பேராதனை வீதியில் ஒரு மருந்தகத்துக்கு வைத்த தீ, காசில் வீதிக்கும் கொழும்பு வீதிக்கும் பரவிற்று. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. நுவரெலியாவில் தமிழர் கடைத்தெருவே கரியாயிற்று. பதுளையும் எரிந்தது. மாண்டோர் சில நூற்றுவர் என்றது அரசு; மூவாயிரம் வரை செல்லும் கணக்குகளும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெளியில் எத்தனை தோட்டத்து மக்கள் நிற்கின்றனர் என்பதை எவரும் எண்ணவில்லை.

ஜூலை 28 ஆம் நாள் நாட்டுக்கு உரையாற்றிய ஜனாதிபதி ஜயவர்தன, வீடிழந்து அகதி முகாம்களில் நெருங்கிக் கிடந்தோர்க்கு ஓர் இரங்கற்சொல்லும் சொல்லவில்லை. அடுத்த திங்களில் வந்த அரசின் விடை ஆறாவது அரசமைப்புத் திருத்தம்: பிரிவினை பேசுவோர் பதவியும் உரிமையும் இழப்பர். தேயிலை மலைகளில் இருந்தோர்க்கு இது இரட்டைக் கொடுமை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கியிருந்தது. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கிட்டிருந்தது. அவர்களுள் எவரையும் எவரும் கேட்டதில்லை. 1983 இல் பலர் இன்னும் எந்நாட்டின் குடிகளும் அல்லர். இந்நாட்டின் குடிகள் என்று எழுதப்படாத மக்களே இந்நாட்டைப் பிளக்க வந்தவர் என்று அடிக்கப்பட்டனர்.

அதற்கு முன்னரும் அடி விழுந்திருந்தது. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் தோட்டங்களை விட்டு ஓடிய குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று காடு திருத்திக் குடியமர்ந்தன. கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் இயக்கம் அவர்களுக்குக் கைகொடுத்தது. அந்த ராஜசுந்தரம் 1983 ஜூலை 27 இல் வெலிக்கடையில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் குடியேற்றிய மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 2009 இல் வன்னிப் போரின் இறுதித் திங்கள்களில் மற்றோருடன் சேர்ந்து முள்ளிவாய்க்கால் நோக்கித் துரத்தப்பட்டனர். கொழுந்து பறித்த கைகளின் வழிவந்தோர் அங்கே கடற்கரை மணலில் மாண்டனர். மலையகம் அவர்களைத் தன் மக்கள் என்று கணக்கிடவில்லை, அவர்கள் போய்விட்டவர்கள். வடக்கின் நினைவேந்தலிலும் அவர்களின் மலைநாட்டுப் பூர்வீகம் சொல்லப்படுவதில்லை. இரு பக்கத்து நினைவிலும் இடம் பெறாத இம்மக்களுக்காகவே இத்தலையங்கத்தை எழுதத் துணிந்தோம்.

மன்னித்தல் பெருங்குணம். அதை மறுப்பார் தமிழில் இல்லை. ஆயினும் வள்ளுவப் பெருந்தகை பொறையுடைமை என்னும் அதிகாரத்தை எங்கே வைத்தார் என்று நோக்க வேண்டும். அறத்துப்பாலில், இல்லறவியலில், மனையறம் காக்கும் தனிமனிதனுக்கு உரியதாக வைத்தார். பொருட்பாலில் அரசனைப் பற்றிப் பேசுமிடத்தில் அவர் வைத்தவை செங்கோன்மையும் கொடுங்கோன்மையும். குடிமகன் தனக்கு இழைத்த தீங்கைப் பொறுக்கலாம். அது அவன் அறம். குடிமகனுக்கு இழைத்த தீங்கை ஆராய்ந்து முறை செய்வது அரசின் அறம். முன்னதைக் காட்டிப் பின்னதிலிருந்து விலக அரசுக்கு உரிமை இல்லை. பொறுத்துக்கொள் என்று பாதிக்கப்பட்டவரிடம் அரசு சொல்லும்போது, தான் செலுத்த வேண்டிய கடனை அவர் தலையில் ஏற்றுகிறது.

இதைக் கண்டி மாநகருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. தலதா மாளிகையின் அயலில் பத்தினி தேவாலயம் இருக்கிறது. எசல பெரஹராவில் அத்தெய்வத்தின் ஊர்வலமும் செல்கிறது. சிங்கள மக்கள் பத்தினி என்று கைதொழுபவள் நம் கண்ணகி. ஆராயாது செய்த கொலைக்கு நீதி கேட்டு அரசவையில் நின்ற பெண்ணை இரு மக்களும் தெய்வமாக்கி வைத்திருக்கிறோம். அவள் முன்னே பாண்டியன் சாட்சிகளைக் குறைகூறவில்லை, காலம் கடந்தது என்று சொல்லவுமில்லை. பிழை தன்னது என்று கண்ட அளவில் அரியணையிலேயே உயிர் நீத்தான். நம் காலத்து அரசுகளிடம் உயிரை யாரும் கேட்கவில்லை. பிழை என்னும் ஒப்புதலையும், அதற்கேற்ற செயலையுமே கேட்கிறோம்.

ஒப்புதல் ஒருமுறை வந்தது. 2004 ஜூலை 23 இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, கறுப்பு ஜூலைக்காக அரசின் பெயரால் தமிழ் மக்களிடம் மன்னிப்புக் கோரினார். அது சிறு செயலன்று. அவருக்கு முன்னிருந்த எவரும் செய்யாதது. முன்னாள் பிரதம நீதியரசர் சர்வானந்தாவின் தலைமையில் 1981 முதல் 1984 வரை நிகழ்ந்த இனவன்முறையை ஆராய்ந்த ஆணைக்குழுவையும் அவரே அமைத்திருந்தார். அது 2002 இல் அறிக்கை தந்தது. ஆயினும் மன்னிப்புரை செய்தித்தாளோடு நின்றது. அறிக்கை ஏட்டோடு நின்றது. தீ வைத்தவர் எவரும் நீதிமன்றில் நின்று, நான் செய்தேன் என்று சொன்னதில்லை. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தை ஆராய்ந்த சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கைக்கு நேர்ந்ததும் இதுவே. சிறியோர் மன்னிக்கக் காத்திருக்க, தீங்குக்குப் பொறுப்பான பெரியோர் மன்னிப்புக் கேளாமலே ஒதுங்கிக்கொண்டனர்.

மன்னிப்பும் முறைகேட்டலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இந்நாட்டிலேயே அண்மைய சான்று இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புச் சீயோன் ஆலயம் ஆகியவற்றிலும் கொழும்பு விடுதிகளிலும் 250 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியோரை மன்னித்துவிட்டோம் என்று அறிவித்தார். அதே கர்தினால்தான் உண்மை தெரியும்வரை ஓயமாட்டோம் என்று கறுப்பு ஞாயிறு அனுட்டிக்க மக்களை அழைத்தார். கொலையாளியை மன்னித்தார், முன்னெச்சரிக்கை வந்தும் வாளாவிருந்த அதிகாரத்தை விடவில்லை. 2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இழந்தோர் மன்னித்துவிட்டனரே, இனி வழக்கு எதற்கு என்று நீதியரசர் எவரும் கேட்கவில்லை.

இன்னொன்று. மன்னிக்கும் உரிமை இழந்தவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியது. 1991 மே 21 இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவர் மனைவி, அக்கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த நளினிக்காக இரங்கினார்; மகள் 2008 இல் வேலூர்ச் சிறைக்கே சென்று நளினியைச் சந்தித்தார். தமிழுலகம் அதைப் பெருந்தன்மை என்று வியந்தது, பெருந்தன்மையே. ஆனால் அன்றிரவு அவ்விடத்தில் காவற்பணியில் நின்றோரும், கூட்டத்துக்கு வந்தோரும் மாண்டனர். அவர்கள் குடும்பத்தாருள் சிலர் 2022 இல் அவ்வழக்கின் கைதிகளுக்கு விடுதலை வந்தபோதும் ஆற்றாமையோடு பேசினர். அவர்களை அற்பர் என்று எவரும் சொல்லலாகாது. பெரிய வீட்டின் மன்னிப்பு சிறிய வீட்டின் துயரைக் கழுவிவிடாது. தலைவர்கள் கைகுலுக்கினர் என்பதால் தோட்டத்து லயத்தில் மகனை இழந்த தாய் தன் கணக்கை மூடிவிட வேண்டும் என்று சொல்வோர்க்கும் இதுவே நம் விடை.

துயரத்தை வெளிப்படச் சொல்லவே இங்கு அச்சம் நிலவிற்று. 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டு, மாணவரின் உண்ணாநோன்புக்குப்பின் மீண்டும் எழுந்தது. 2024 மே திங்களில் திருகோணமலைச் சம்பூரில் மாண்டோர் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியதற்காகப் பெண்கள் உட்பட நால்வர் சிறைப்பட்டனர். கஞ்சியை ஊருக்கு ஊற்றுவது எந்தச் சட்டத்தின் கண்ணுக்குக் குற்றமாகத் தெரிந்ததோ, அச்சட்டம் தன் கண்ணைத் தான் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இன்று ஆட்சியில் இருப்போர் இதை நன்கு உணர வேண்டியவர்கள். மக்கள் விடுதலை முன்னணி 1971 இலும் 1987 முதல் 1989 வரையிலும் அரசுக்கெதிராக ஆயுதம் ஏந்திய கட்சி. அதன் தலைவர் ரோகண விஜேவீர இக்கண்டி மாவட்டத்து உலப்பனையில் பிடிபட்டு, 1989 நவம்பர் 13 இல் கொழும்பில் கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் அந்நாளில் கட்சி தன் மாண்டோரை நினைவுகூர்கிறது. கட்சிக்காரர் எவரையும் அதற்காக எவரும் சிறையிடுவதில்லை. அது சரி. அவ்வுரிமை எல்லார்க்கும் உரியது என்று அறியச் சற்றே நேர்மை போதும். அநுர குமார திசாநாயக்க கட்சித் தலைமையை ஏற்ற 2014 இல், தம் கட்சி அந்நாளில் செய்த கொடுமைகளுக்கு வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டார். கட்சிக்காக மன்னிப்புக் கேட்கத் துணிந்தவர் இன்று அரசுக்குத் தலைவர். அத்துணிவை அரசின் பெயரால் மீண்டும் காட்டுவாரா என்று வடக்கும் மலையகமும் நோக்கி நிற்கின்றன.

கண்டிக்கு அண்மையில் உள்ள ஊர் மாத்தளை. 2012 இல் மாத்தளை மருத்துவமனை நிலத்தைத் தோண்டியபோது 150 க்கும் மேற்பட்ட மனித எலும்புத் தொகுதிகள் வெளிவந்தன. 1980 களின் இறுதியில் கொண்டுசெல்லப்பட்ட தம் பிள்ளைகளோ என்று சிங்களத் தாய்மார் வந்து நின்றனர். அவை எக்காலத்தவை என்பது பற்றிய பூசல் இன்றும் தீரவில்லை. 2025 இல் யாழ்ப்பாணம் செம்மணியில் இருநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வெளிவந்தபோது தமிழ்த் தாய்மார் அவ்வாறே வந்து நின்றனர். பிள்ளைகளின் புத்தகப்பையும் விளையாட்டுப் பொருளும் அங்கே எலும்புகளுக்கிடையே கிடந்தன. மாத்தளைத் தாயும் செம்மணித் தாயும் ஒருவர் மொழியை ஒருவர் அறியார். அவர்கள் தேடுவது ஒன்றே என்பதை அவர்கள் இருவரும் ஒருசேர நின்று சொன்னால், அச்சொல்லைத் தட்டும் வலிமை எந்த ஆட்சிக்கும் இராது.

இனி நம்மவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது இத்தலையங்கத்தைப் பொய்யாக்கும். 1998 ஜனவரி 25 இல் விடுதலைப் புலிகள் தலதா மாளிகை வாயிலில் வெடிமருந்து நிரப்பிய லொறியை வெடிக்கச் செய்தனர். வழிபட வந்தோர் உட்படப் பலர் மாண்டனர். தமிழர் என்னும் பெயரால் அது செய்யப்பட்டது. 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுடப்பட்டதும், அவ்வாண்டு அக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் சில மணி நேரக் கெடுவில் ஊரைவிட்டு விரட்டப்பட்டதும் அப்பெயராலேயே செய்யப்பட்டன. நாம் செய்யவில்லை, நம்மைக் கேட்டுச் செய்யவில்லை என்று சொல்வது உண்மையே. ஆனால் 1983 இல் தீ வைத்தோரும் சிங்கள மக்களைக் கேட்டு வைக்கவில்லை. நமக்கு ஒரு நீதி, அவர்க்கு ஒரு நீதி என்று அளக்கப் புகுந்தால் நம் துயரமும் மதிப்பிழக்கும். ஆகவே கண்டி நகரத்துத் தமிழர், அந்த மாளிகை வாயிலில் மாண்டோர்க்கும் தலைவணங்க வேண்டும். யாரும் கேட்கும் முன்னரே அதைச் செய்தல் வேண்டும்.

நினையாமல் விட்டதன் விலையைக் கண்டி 2018 மார்ச்சில் மறுபடி கொடுத்தது. திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் கடைகளும் இல்லங்களும் பள்ளிவாசல்களும் எரிந்தன. திகனையில் எரிந்த வீட்டிலிருந்து ஓர் இளைஞரின் உடல் எடுக்கப்பட்டது. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகட்கு முன் பேராதனை வீதியில் எரிந்ததைப் பற்றி இம்மாவட்டத்துப் பாடசாலைகளில் ஒரு பாடமேனும் இருந்திருந்தால், கல்லெறிந்த இளைஞருள் சிலராவது கை தாழ்த்தியிருக்கக்கூடும்.

மக்கள் தாமே தொடங்கிவிட்டனர் என்பது ஆறுதல். ஜனவரி 10 ஆம் நாளைத் தியாகிகள் நாளாக மலையகத்தில் அனுட்டிப்போர் பெருகி வருகின்றனர். தோட்டத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்த 2023 இல், ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். நோயிலும் பசியிலும் அவ்வழியில் விழுந்து மாண்ட முன்னோரைத் தேடி நடந்த நடை அது. எவரையும் வையாமல், எவரிடமும் கெஞ்சாமல் நினைவுகூர முடியும் என்பதை அம்மக்கள் காட்டினர்.

அரசிடம் நாம் கேட்பவை புதியன அல்ல. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, போரில் துயருற்ற எல்லார்க்கும் இரங்கல் தெரிவிக்கும் தனி நிகழ்வொன்றைச் சுதந்திர நாளில் நடத்துமாறு 2011 இலேயே பரிந்துரைத்தது. 2015 பெப்ரவரி 4 இல் சமாதானப் பிரகடனம் ஒன்று வாசிக்கப்பட்டது. அது ஆண்டுதோறும் செய்யும் வழக்கமாக வளரவில்லை. அதை வழக்கமாக்குக. சர்வானந்தா ஆணைக்குழுவின் 2002 ஆம் ஆண்டு அறிக்கையைப் பாராளுமன்றத்தில் எடுத்து விவாதித்து, இழப்பீடு கிட்டாத குடும்பங்களைத் தேடுக. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு நில உறுதி இல்லை, ரசீது இல்லை, அன்று குடியுரிமையும் இல்லை. ஆவணம் கொண்டு வா என்று அவர்களிடம் கேட்பது இரண்டாம்முறை எரிப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு பணிக்கு அரசை எதிர்நோக்க வேண்டியதில்லை. 1983 இல் இருபது வயதில் இருந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். ஹேவாஹெட்டயிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும், மாத்தளை, நுவரெலியாத் தோட்டங்களிலும் அவர்கள் இன்னும் இருக்கின்றனர். பேராதனைப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கிறது. அங்குள்ள சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் இருவர் இருவராகச் சென்று, மாண்டோர் பெயரையும் ஊரையும் நாளையும் கேட்டு எழுதலாம். அன்று தம் வீட்டுக் கதவைத் திறந்து அயலாரை ஒளித்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் இப்பகுதியில் பல உண்டு. அவர்கள் சொல்வதும் அதே ஏட்டில் இரு மொழியிலும் ஏற வேண்டும். வரும் ஜூலைக்குள் ஒரு தோட்டத்துக் கணக்காவது முடிந்தால், அடுத்த தோட்டத்துக்குப் போவது எளிது.